உடைக்கும் காயன்று, உண்ணும் காய்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல் என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. மறைக்க இயலாத உண்மையை மறைக்க முனைவாரை எள்ளி நகையாட எழுந்தது அது. இன்றோ அப்பழமொழியைத் தலைகீழாய்த் திருப்ப வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். சோற்றொடு சேர வேண்டிய பூசணிக்காயைச் சோற்றில் காணோம், தெருவில்தான் காண்கின்றோம். கடை வாயில்களில் அரக்க முகம் தீட்டப்பெற்று அது தொங்குகின்றது. புதுவண்டி வாங்கினால் அதன் முன்னே சிதறுகின்றது. திரைப்படப் பிடிப்பு முடிந்தால் அங்கும் உடைபடுகின்றது. 'பூசணிக்காய் உடைத்தாயிற்று' என்றாலே 'வேலை முடிந்தது' என்று பொருள்படும் அளவிற்கு அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. மண்ணும் மழையும் கதிரொளியும் கூடி நான்கைந்து திங்கள் உழைத்து உருவாக்கிய உணவுப்பொருளை, ஒரு நொடியில் கல்லில் மோதிக் குப்பையாக்கும் இச்செயலைப் பற்றித் தமிழர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கருவி வழிபாட்டு நாளின் மறுநாட் காலையில் நம் நகரச் சாலைகளைக் கண்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செந்நிறப் பொடி கலந்த காய்ச்சதை வழவழப்பாய்ப் பரவிக் கிடக்க, ஈருருளி ஓட்டுவோர் சறுக்கி விழுகின்றனர். எலும்பு முறிந்து கிடப்பாரும் உளர். சாலையில் பூசணிக்காய் உடைக்க வேண்டா என்று சென்னைக் காவல்துறையினர் மீண்டும் மீண்டும் வேண்டுகோள் விடுக்க வேண்டியுள்ளது. தன் கண்ணேறு கழிக்க ஒருவன் உடைத்த காய் பிறன் காலை முறிக்குமாயின், ஏறு கழிந்ததா, ஏறு புதிதாய்ப் பிறந்ததா?

வழிபாட்டைப் பழிப்பது எம் நோக்கமன்று. உண்ணும் பொருளை உண்ணாது ஒழிப்பதே எம் வருத்தம். இக்காயை எவ்வாறு தேர்வது, எவ்வாறு அரிவது, எவ்வாறு ஆக்குவது என்னும் அறிவு நம் வீடுகளினின்று மெல்ல நழுவுகின்றது. சமைக்கத் தெரியாத காயைத்தான் மக்கள் உடைக்கத் துணிவர். எனவே, உடைக்காதீர் என்று கூறுவதினும், இவ்வாறு சமையுங்கள் என்று கூறுவதே நேர்வழி எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

இரு காய்களும் பல பெயர்களும்

பூசணி என்னும் ஒரு சொல்லால் தமிழர் இரு வேறு காய்களைக் குறிப்பர். மேலே வெண்சாம்பல் பூத்திருப்பது ஒன்று. அதனைச் சாம்பற் பூசணி என்றும் வெண்பூசணி என்றும் நீற்றுப்பூசணி என்றும் வழங்குவர். நெல்லை, குமரிப் பக்கங்களில் அதுவே தடியங்காய். தோலும் சதையும் மஞ்சளாய் இனிப்பது மற்றொன்று. அது வட தமிழகத்தில் பறங்கிக்காய். கொங்கு நாட்டில் அரசாணிக்காய். பிற இடங்களில் மஞ்சட் பூசணி, சருக்கரைப் பூசணி. ஈழத் தமிழரோ மஞ்சட் காயையே பூசணிக்காய் என்றும், வெண்காயை நீற்றுப்பூசணி என்றும் பிரித்து வழங்குவர். நீறு பூசினாற் போன்ற மேனியுடைமையின், பூசணி என்னும் பெயர்க்கும் 'பூசு' என்னும் வினைக்கும் உறவுண்டு எனக் கருத இடமுண்டு. பூசணிக்காய் திருடியவன் தோளைத் தடவிக் காட்டிக்கொடுத்துக் கொண்ட பழங்கதையும் அச்சாம்பலை வைத்துப் பிறந்ததே.

இவ்விரண்டனுள் வெண்பூசணி ஆசியாவிற்குரியது. மஞ்சட் பறங்கியோ நம் மண்ணுக்குக் கடல் கடந்து வந்தது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டின் ஒவாக்கா மலைக்குகை ஒன்றில் கிடைத்த வித்துகளைக் கொண்டு, ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன்னரே அந்நாட்டு மக்கள் இவ்வினத்தைப் பயிரிட்டனர் என்று அறிஞர் நிறுவியுள்ளனர். மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே குழியில் நட்டு, அவற்றை மூன்று உடன்பிறந்தார் என்று போற்றும் வழக்கம் அக்கண்டத்துத் தொல்குடி மக்களிடையே உண்டு. சோளத்தண்டில் அவரை ஏறும். பூசணியிலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். ஊடுபயிர் அறிந்த நம் உழவர்க்கு அவ்வறிவின் அருமை எளிதிற் புலப்படும்.

1492-இல் கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். 1498-இல் வாசுகோட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நாகப்பட்டினம், மயிலாப்பூர் முதலிய நம் கடற்கரை ஊர்களில் கால்கொண்டனர். அவரைத் தமிழர் பறங்கியர் என்றனர். அவர் பெயரால் ஊர் ஒன்று பறங்கிப்பேட்டை ஆயிற்று. மலை ஒன்று பறங்கிமலை ஆயிற்று. அவர் வழி வந்த காய் பறங்கிக்காய் ஆயிற்று. அப்பறங்கிப்பேட்டையும் திருவக்கரையும் 1993 வரை தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை என்பதையும் நினைவிற் கொள்க.

சப்பானியர்க்கும் இக்காயைப் பதினாறாம் நூற்றாண்டிற் கொண்டு சென்றவர் போர்த்துக்கீசியரே. அவர் கம்போடியா வழியாக வந்தமையின், சப்பானியர் அதற்குக் 'கபோச்சா' என்று பெயரிட்டுத் தம் மொழிக்குரியதாக்கிக் கொண்டனர். பகல் குறைந்து இரவு நீளும் மாரிக்கால நாளில் அதனை உண்பதை ஒரு மரபாகவே போற்றுகின்றனர். நாமும் அவ்வாறே செய்தோம். மிளகைப் போற் காரமுடையதாய் வந்த புதுக்காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டோம். மணிலாவின் பெயரால் வந்த கடலையை மணிலாக்கொட்டை என்றோம்; விழுப்புரம், திண்டிவனப் பக்கத்து மக்கள் அதனையும் தம் வாய்க்கு இசைய உருட்டி 'மல்லாட்டை' ஆக்கினர். வந்த பொருளை வாங்குதல் இழிவன்று. வந்த பொருளுக்குத் தன் வாயாற் பெயரிட வலியில்லாமற் போதலே இழிவு.

இற்றை உணவுவிடுதிப் பட்டியல்களிலோ அதே பறங்கி 'பம்ப்கின் சூப்' என்று தலைகாட்டுகின்றது. பறங்கிச் சாறு என்றால் வாங்க மாட்டாரா? 'பம்ப்கின்' என்னும் சொல்லும் அக்காயொடு பிறந்ததன்று. கிரேக்கத்திற் கனிந்த காயைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்குச் சென்று திரிந்த வடிவம் அது. நானூறு ஐந்நூறு ஆண்டுகளாய் நம் தாய்மார் வழங்கி வரும் சொல்லை விட்டு, பிறர் கடன் வாங்கிய சொல்லை நாம் மறுகடன் வாங்குவானேன்?

கல்மரம் கற்பிக்கும் பாடம்

திண்டிவனத்திற்குத் தெற்கே, வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ளது திருவக்கரை. ஞானசம்பந்தர் பாடிய பழம்பதி அது. வக்கிரகாளியம்மனை வணங்க முழுமதி நாளிலும் மறைமதி நாளிலும் அங்குப் பெருங்கூட்டம் கூடும். அவ்வூர்க்கு மற்றுமொரு சிறப்புண்டு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன் வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலில் புதையுண்ட மரங்கள் அங்குக் கல்லாய்க் கிடக்கின்றன. 1781-இல் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் சொன்னரா என்பார் அவற்றைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். இன்று இந்திய நிலவியல் அளவைத் துறை அவற்றைப் பூங்காவாக்கிக் காத்து வருகின்றது. புளி, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் அவற்றுள் உள என்பர்.

அக்கல்மரங்களை உற்று நோக்குவார்க்கு வியப்பு மிகும். பட்டையின் வரி அப்படியே உள்ளது. உள்வளையம் அப்படியே உள்ளது. கணு அப்படியே உள்ளது. ஆயின் உயிர்ச்சாறு ஒரு துளியும் இல்லை. மரத்தின் நுண்ணறைதோறும் மணற்சத்து புகுந்து, மரம் இருந்த இடத்தில் மரத்தின் வடிவிற் கல் அமர்ந்துவிட்டது. மார்கழித் திங்களில் வாயிலில் கோலமிட்டு, சாணவுருண்டையிற் பறங்கிப்பூவைச் செருகி வைக்கின்றோம், ஆயின் அப்பூ பூத்த கொடி நம் தோட்டத்தில் இல்லை, விலைக்கு வாங்குகின்றோம். பொங்கலன்று பலகாய்க் குழம்பில் ஒரு கீற்றுப் பறங்கியைப் பெயருக்குச் சேர்க்கின்றோம். மறுநாள் அதனை மறந்துவிடுகின்றோம். வரியும் வளையமும் உள்ளன, சாறு இல்லை. அடுக்களைப் பழக்கம் கல்லாய்ப் போகும் வகை இதுவே. அதனை மீண்டும் தளிர்க்கச் செய்ய வேண்டுமானால், அரிவாள்மணையை எடுத்து அமர்தல் ஒன்றே வழி.

தேர்தலும் காத்தலும்

மேலைநாட்டார் பறங்கி இனத்தைக் குளிர்காலப் பூசணி என்பர். குளிர்காலத்தில் விளைவது என்பது அதன் பொருளன்று. முற்றப் பறித்து வைத்தால் குளிர்காலம் முழுதும் கெடாது இருப்பது என்பதே பொருள். நம் நாட்டிலும் ஆடிப்பட்டத்தில் ஊன்றிய வித்து மார்கழி, தைத் திங்களில் முற்றிய காயைத் தரும். காய்கறி விலை ஏறும் வேளையில் ஏழை வீட்டிற்குக் கைகொடுப்பது அக்காயே.

முற்றிய காயை அறிவது எளிது. காம்பு காய்ந்து தக்கைபோல் இருக்கும். தோல் பளபளப்பின்றி மங்கியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது. தட்டினால் உள்ளே வெற்றிடம் உண்டென ஒலிக்கும். பருமனுக்கு ஏற்ற எடை இருக்கும். காம்பு ஒடிந்த காயையும், தோலில் கீறலோ மென்புள்ளியோ உள்ள காயையும் உடனே சமைக்க வாங்கலாம். சேர்த்து வைக்க வாங்கலாகாது. நுண்ணுயிர் உட்புகும் வாயில் அதுவே.

வாங்கிய முழுக்காயை ஈரத்தரையில் வைக்கற்க. வைக்கோலின் மேலோ, பலகையின் மேலோ, உறியிலோ, காற்று உலவும் நிழலில் வைக்க. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்க வேண்டா. இவ்வாறு வைத்த பறங்கி இரண்டு மூன்று திங்கள் இருக்கும்; மேனியிற் பூத்த மெழுகுச் சாம்பல் காப்பதால் வெண்பூசணி அதனினும் மிகுதியாய் இருக்கும். எனவே அச்சாம்பலைத் துடைத்து வைத்தல் தவறு. குளிர்பெட்டியும் மின்னும் இல்லாத காலத்தே நம் முன்னோர் கண்ட காய்க்களஞ்சியம் இது. ஆயின் அரிந்த பின்னர் நிலை வேறு. குடற்பகுதிதான் முதலிற் கெடும். ஆதலின் எஞ்சிய பத்தையிலிருந்து விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டுத் துணியிற் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுக.

சிறு குடும்பத்திற்கு முழுக்காய் எதற்கு என்று வினவுவார் உளர். சிற்றூர்களில் ஒரு வீட்டில் பறங்கி அரிந்தால், பக்கத்து நான்கு வீட்டிற்கும் பத்தை போகும். அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக் காய் இங்கு வரும். இப்பகிர்வு நின்றதனாற்றான் காய் பெரிதாய்த் தோன்றுகின்றது. காய் வளரவில்லை, நம் வாயில்தான் குறுகிற்று. அதற்கும் இயலாதார்க்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தெரிந்தெடுத்த 'கோ 2' வகை உள்ளது. அதன் காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோவிற்குள் அடங்கும்.

அரியும் முறை

முற்றிய பறங்கியின் தோல் கடினமானது, காய் உருண்டையானது. கத்தி வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும் காய்களுள் இது முதன்மையானது. முதலில் காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்திடுக. அடியில் ஒரு மெல்லிய துண்டைச் சீவித் தட்டையாக்கி நிறுத்துக. காம்பின்மேற் கத்தியை வைக்கற்க. காம்பை ஒட்டிய பள்ளத்தில் முனையை இறக்கி, காயின் வரிப்பள்ளத்தின் வழியே அழுத்திப் பிளந்திடுக. இரண்டாய்ப் பிளந்த பின், வெட்டிய முகம் கீழாக வைத்துப் பத்தை போட்டால் காய் உருளாது. அதன் பிறகே அரிவாள்மணை. மிகக் கடினமான காயாயின், பெரும் பத்தைகளைத் தோலொடு ஐந்து மணித்துளி ஆவியில் வைத்தெடுத்தால் தோல் எளிதிற் கழலும்.

இளங்காய்க்குத் தோல் சீவ வேண்டுவதில்லை. முற்றிய காயின் தோலையும் எறிய வேண்டுவதில்லை. தோலைப் பொடியாய் அரிந்து, நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, உப்பொடு அரைத்தால் சோற்றிற்கு நல்ல துவையல். விதையைக் கழுவி உலர்த்தி வறுத்தால் கொறிக்க ஆகும். பிஞ்சுக் கொடியின் தளிரையும் இலையையும் நாருரித்து அரிந்து, பாசிப்பருப்பொடு சேர்த்துக் கீரைபோற் பொரியல் செய்யலாம். பூவும் உணவே. காம்பு நீண்டு அடியிற் பிஞ்சில்லாமல் இருப்பது ஆண்பூ. அடியிற் சிறு பிஞ்சோடிருப்பது பெண்பூ. தேனீக்கு வேண்டிய அளவு விட்டுவிட்டு, எஞ்சிய ஆண்பூவைப் பறித்தால் காய்ப்பும் குறையாது, பொரியலும் ஆகும். வேரையன்றி ஒரு பகுதியும் வீண்போகாத கொடி இது.

ஆக்கும் முறை

பறங்கியிற் பெரும்பகுதி நீரே. இதனை மறந்து, பிற காய்க்கு ஊற்றுவது போல் நீரூற்றுவதனாற்றான் பலர் வீட்டில் அது குழைந்து கூழாகின்றது. பின் அக்காய் மீதே பழி விழுகின்றது. அகன்ற சட்டியில், அடியில் ஒட்டாதிருக்கக் கையளவு நீர் தெளித்து மூடினால் போதும். பத்து மணித்துளியில் வெந்துவிடும். அழுத்தக் கலத்தில் வைத்தல் வேண்டா. உப்பை இறுதியில் இட்டால் துண்டு உடையாது நிற்கும்.

விழுப்புரப் பக்கத்திற்கு ஏற்ற பறங்கிப் பொரியல் ஒன்று கூறுவோம். விரற்கடை அளவிற்கு அரிந்த பறங்கி அரைக்கிலோ எடுத்துக் கொள்க. ஒரு கைப்பிடி மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாய் இடித்து வைக்க. இரண்டு கரண்டி நல்லெண்ணெயிற் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பறங்கியை இட்டு மஞ்சள் தூவி, சிறிது நீர் தெளித்து மூடுக. முக்காற் பதம் வெந்ததும் மூடியைத் திறந்து, உப்பிட்டு நீர் வற்றக் கிளறுக. இறுதியில் மல்லாட்டைப் பொடியும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இறக்குக. பறங்கியும் மல்லாட்டையும் மிளகாயும் ஆகிய மூன்றும் கடல் கடந்து வந்தவை. நல்லெண்ணெயும் கறிவேப்பிலையும் மஞ்சளும் நம்மவை. சட்டியிற் சேர்ந்த பின் அது முழுக்கவும் நம் உணவே.

பால்கூட்டு விரும்புவார், பறங்கியைக் குழைய வேகவிட்டு, சிறிது வெல்லமும் ஒரு கல் உப்பும் இட்டு, அடுப்பை அணைத்து ஆவி அடங்கிய பின் காய்ச்சிய பாலை ஊற்றுக; கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரியும். புளிக்குழம்பு விரும்புவார், ஊறவைத்த மொச்சையை முதலில் வேகவைத்து, புளிக்கரைசல் கொதித்துப் பச்சைமணம் போன பிறகே பறங்கியைச் சேர்க்க. புளியிற் காய் மெல்லவே வேகும். எனவே குழையாது, இனிப்பும் புளிப்பும் பொருந்தி நிற்கும். அரிசியும் பருப்பும் ஊறவைத்தரைத்த அடைமாவிற் பறங்கித் துருவலைக் கலந்து வார்த்தால், காய் என்றாலே முகஞ்சுளிக்கும் சிறுவரும் உண்பர்.

வெண்பூசணிக்குச் சுவை தனியே இல்லை. சேரும் பொருளின் சுவையை அது உறிஞ்சிக் கொள்ளும். ஆதலின் அது மோர்க்குழம்பிற்கும் பருப்புக் கூட்டிற்கும் தயிர்ப்பச்சடிக்கும் ஏற்றது. துருவிப் பிழிந்து உளுந்தமாவொடு பிசைந்து, பங்குனி, சித்திரை வெயிலிற் காயவைத்தால் ஆண்டு முழுதும் வடகம். அதே துருவலை அதன் நீரிலேயே வேகவிட்டு, சருக்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் நம் திருமண விருந்துகளிற் பரிமாறும் இன்களி. அதற்கு நாம் இட்ட பெயரோ 'காசி அல்வா'! காய் நம் கூரையிற் காய்த்தது. கிண்டியவர் நம்மூர்ச் சமையற்காரர். பெயரில் மட்டும் காசியும் அரபும் வந்து அமர்ந்தன. பூசணிக்களி என்று சொன்னால் நா இனிக்காதோ?

கண்ணுக்கு ஏறு கழிக்கும் காய்

மஞ்சட் பறங்கிக்கு அந்நிறம் தரும் பொருளை நம் உடல் 'ஏ' என்னும் உயிரூட்டமாக மாற்றிக் கொள்ளும். அவ்வூட்டக் குறைவே, தடுக்கத்தக்க கரணியங்களால் குழந்தைகட்கு நேரும் பார்வையிழப்பிற்கு உலகளவில் முதன்மையானது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. இந்திய அரசு 1970 முதல் இதற்கெனத் தனித்திட்டம் வகுத்து, குழந்தைகட்கு அவ்வூட்ட மருந்தை வாய்வழி அளித்து வருகின்றது. நிறம் ஆழ்ந்த சதையுடைய காயில் அப்பொருள் மிகுதி. எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தாற்றான் உடல் அதனை நன்கு ஏற்கும். தாளிப்பும் தேங்காய்த் துருவலும் சுவைக்கு மட்டும் வந்தவையல்ல என்பது இதனாற் பெறப்படும்.

கண்ணேறு கழிப்பதற்கென்று காயை வாயிலில் உடைக்கின்றோம். கண்ணுக்கு வரும் ஏறு எது? மாலையானால் வழி தெரியாமல் தடுமாறும் குழந்தையின் கண்ணுக்கு வந்த ஏறுதான் உண்மையான ஏறு. அதனைக் கழிக்கும் பொருள்களுள் ஒன்று பறங்கி. அதனைச் சுற்றியுடைத்தாற் பயனில்லை. சோற்றிற் பிசைந்து ஊட்டினாற் பயனுண்டு.

பெருந்தலைவர் காமராசர் 1956-இல் பள்ளிகளில் நண்பகல் உணவைத் தொடங்கினார். ம.கோ. இராமச்சந்திரன் 1982-இல் அதனை விரித்தார். 2022 முதல் காலையுணவும் அளிக்கப்பெறுகின்றது. அவ்வடுப்புகளிற் பறங்கி அடிக்கடி கொதித்தல் வேண்டும். விலை குறைவு, கெடாது, அரியவும் ஆக்கவும் எளிது. பள்ளித் தோட்டத்தின் வேலியில் நான்கு கொடி படர்ந்தால் காயும் அங்கேயே கிடைக்கும்.

மேலைநாட்டாரும் தவறுகின்றனர் என்று தேறுதல் கொள்ள வேண்டா. அமெரிக்கர் அக்குதோபர்த் திங்களின் இறுதி நாளிற் பறங்கியைக் குடைந்து முகம் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைத்து, மறுநாட் குப்பையில் எறிகின்றனர். நம் நகரப் பள்ளிகள் சிலவற்றில் இப்பொழுது அதனையும் சிறுவர்க்குப் பயிற்றுகின்றனராம். நம் பங்கிற்கு உடைக்கும் காய் போதாதென்று, அவர் பங்கிற்குக் குடையும் காயும் வேண்டுமோ?

வித்தைக் காத்தல்

சமைப்பதோடு கடமை முடியவில்லை. கடையில் வாங்கும் கலப்பின வித்தின் காயிலிருந்து எடுத்த வித்து, தாயைப் போன்ற காயைத் தருவதில்லை. ஆண்டுதோறும் வணிகரிடமே கையேந்த வேண்டும். வழிவழி வந்த நாட்டு வித்தோ அவ்வாறன்று. நன்கு முற்றிய, நோயற்ற காயைப் பறித்துச் சில கிழமை வைத்திருந்து, பின் பிளந்து வித்தெடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாம்பலிற் புரட்டிக் குடுக்கையில் இட்டு வைத்தல் நம் பாட்டிமார் கண்ட முறை.

ஒன்று மட்டும் கருதுக. இருவகைப் பறங்கி அருகருகே இருந்தால், தேனீ மகரந்தத்தை மாற்றிச் சேர்க்கும். அவ்வாண்டுக் காய் மாறாது, அடுத்த ஆண்டு மாறும். வித்து தூயதாய் வேண்டுவார், மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் அரும்புகளை மாலையிலேயே நூலாற் கட்டி வைத்து, விடியலில் அவிழ்த்து ஆண்பூவைப் பெண்பூவிற் தடவி, மீண்டும் பெண்பூவைக் கட்டிவிடுக. அக்காயில் ஓர் அடையாளம் இட்டு அதனையே வித்திற்கு வைக்க. பிறவற்றைச் சமைக்க.

செய்யத் தக்கன

நம் அன்பர்களுக்கு யாம் கூறுவன இவை. ஆடிப்பட்டத்திலோ தைப்பட்டத்திலோ வீட்டுக்கு ஒரு கொடி இடுக. நிலமில்லாதார் கூரை மீதும் வேலி மீதும் ஏற்றுக. கிழமைக்கு ஒரு நாளேனும் பறங்கியோ பூசணியோ உலையேறட்டும். அரியும் முறையையும் ஆக்கும் முறையையும் பெண்மக்கட்கு மட்டுமன்றி ஆண்மக்கட்கும் பழக்குக. அடுக்களை ஒருபாலார்க்கே உரிய சிறையன்று. பறங்கி, அரசாணி, தடியங்காய், பத்தை, கீற்று, வடகம் என்னும் சொற்களை அவரவர் ஊர் வழக்கப்படி குழந்தைகள் காதில் விழச் சொல்லுக. காய் உலையில் வேகும்போது சொன்ன சொல் அகராதியிற் படித்த சொல்லைக் காட்டினும் ஆழப் பதியும்.

கோயிலுக்குக் காய் கொண்டு செல்ல விரும்புவார் தாராளமாகக் கொண்டு செல்க. அதனைக் கோயிலின் மடைப்பள்ளிக்கு அளித்து, வந்தார்க்கெல்லாம் கூட்டும் குழம்புமாய் ஆக்கி அளிக்கச் சொல்லுக. உடைத்தே தீர வேண்டும் என்பார், தம் வாயிலின் ஓரத்தில் உடைத்து, உடனே அள்ளி மாட்டுக்கேனும் எருக்குழிக்கேனும் இடுக. பொதுச்சாலை எவர்க்கும் பலிமேடையன்று.

திருவக்கரையில் மரம் கல்லானது வெள்ளத்தாலும் மணலாலும். அதனை மீட்க எவராலும் இயலாது. நம் அடுக்களை கல்லாவது நம் மறதியால். அதனை மீட்க ஒரு காயும் ஒரு கத்தியும் போதும். வரும் தைப்பொங்கலுக்கு வாங்கும் பறங்கியில் ஒரு கீற்றைக் குழம்பிலிட்டு, எஞ்சியதை மறந்துவிடாதீர். மறுநாள் பொரியலாக்குக, அதன் மறுநாள் அடையாக்குக, தோலைத் துவையலாக்குக, வித்தைக் காயவைத்து அடுத்த பட்டத்திற்கு எடுத்து வைக்க.